25.4 மேல் பழி போடாதீங்க

"யாரையும் புண்படுத்தும் நோக்கமில்லை" என்று ஆரம்பிப்பதுதான் மரபு. இந்தப் பதிவில் அதைச் சொல்ல முடியாது. நாலு பேரையாவது புண்படுத்தணும் என்றுதான் எழுதுகிறேன். யார் அவர்கள்? அமெரிக்கக் கஸ்டமரிடமிருந்து இன்ச்சில் வரும் டிராயிங்கைப் பார்த்ததும், "எல்லாத்தையும் எம்.எம்.-க்கு மாத்து, புள்ளிக்கு அப்புறம் ஒரு இலக்கம் போதும், ரவுண்ட் பண்ணிடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகும் மேதைகள். புனேவுக்கு வந்து பதினாறு வருஷத்தில் நாலு ஆபீஸ் மாறியாச்சு. இந்த மேதை இல்லாத ஆபீஸை இன்னும் பார்க்கவில்லை.

மெக்கானிக்கல் பக்கம் தலைவைக்காத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நாங்கள் கம்ப்யூட்டரில் வரைவது வெறும் படம் இல்லை. பாராமெட்ரிக் மாடல். அதாவது ஒவ்வொரு அளவும் ஒரு வேரியபிள். ஓட்டையின் விட்டத்தை மாற்றினால் அதைச் சுற்றியிருக்கும் விளிம்பு, பக்கத்து ஓட்டை, தகட்டின் நீளம் எல்லாம் தானாக மாறும்படி சூத்திரம் எழுதி வைத்திருப்போம். எக்செல் ஷீட்டுக்கு உடம்பு வந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஷீட்டில் பாதிக் கட்டத்தில் டாலர், மீதிக் கட்டத்தில் ரூபாய், எதிலும் குறியீடு கிடையாது என்றால் எப்படி இருக்கும்? அதுதான் மேட்டர்.

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்வோம். 25.4 என்ற எண் மேல் எந்தத் தப்பும் இல்லை. 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆறு நாடுகளும் சேர்ந்து ஒரு கஜம் என்பது 0.9144 மீட்டர் என்று ஒப்புக்கொண்டன. ஆகவே ஒரு இன்ச் என்பது 25.4 மி.மீ. கிட்டத்தட்ட இல்லை, மிகச் சரியாக. அதற்கு முன் அமெரிக்க இன்ச் ஒரு முடி அளவு கூட இல்லாத வித்தியாசத்தில் வேறாக இருந்தது. அந்தச் சிக்கலும் அன்றோடு தொழிற்சாலைகளுக்கு முடிந்துவிட்டது. பெருக்கலில் பிழையே வராது. பிழையெல்லாம் பெருக்கிய பிறகு நாம் செய்யும் கைவேலையில் வருவது.

இலக்கத்தில் இருக்கும் சேதி

அமெரிக்க டிராயிங்கில் .50 என்று போட்டிருப்பதும் .500 என்று போட்டிருப்பதும் ஒன்றல்ல. டைட்டில் பிளாக்கில் பாருங்கள். புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் என்றால் ±.01, மூன்று என்றால் ±.005 என்கிற மாதிரி ஒரு கட்டம் இருக்கும். கடைசியில் நிற்கும் அந்தப் பூஜ்யம் அழகுக்கு இல்லை. "இங்கே கவனமா இரு" என்று வரைந்தவன் சொல்வது.

நம்ம மேதை என்ன செய்கிறார்? .50-ம் 12.7 ஆகிறது, .500-ம் 12.7 ஆகிறது. அந்த டிராயிங்கை நம் ஆபீஸ் மெட்ரிக் ஃபார்மட்டில் ஒட்டுகிறார். அதில் பொது டாலரன்ஸ் ஐ.எஸ்.ஓ. 2768-1, மீடியம் கிளாஸ் என்று அச்சடித்திருக்கும். அதன்படி 6-க்கு மேல் 30 மி.மீ. வரை ±0.2. ஒரிஜினலில் .500-க்கு அனுமதி ±.005, அதாவது ±0.127 மி.மீ. எண் மாறவில்லை. ஆனால் அனுமதி ஒன்றரை மடங்குக்கு மேல் தளர்ந்துவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை. கஸ்டமருக்குத் தெரியாது. வெண்டருக்கும் தெரியாது. மாற்றியவருக்கே தெரியாது!

ஆக, யூனிட் மாற்றுவது என்பது கணக்கு இல்லை. அது ஒரு டிசைன் முடிவு. அந்த முடிவை எடுக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? நான் கேட்பது இதுதான்.

தச்சருக்குத் தெரிந்தது

எங்க ஊரில் தச்சு வேலைக்காரரிடம் பேசிப் பாருங்கள். "மூணு நூல் எடுத்துடுங்க" என்பார். ஒரு நூல் என்றால் இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. இங்கே புனேவில் மரவேலை செய்பவர் அதையே "சூத்" என்கிறார். அதற்கும் பொருள் நூல்தான், அளவும் அதேதான். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும் சொல் கை விடவில்லை. ரெண்டு பேருமே "மூணு எடு" என்று மொட்டையாகச் சொல்லவே மாட்டார்கள். எண்ணோடு அலகு ஒட்டியேதான் வாயிலிருந்து வரும்.

பி.இ. படித்து, லட்சக்கணக்கில் லைசென்ஸ் கட்டிய மென்பொருளில் உட்கார்ந்திருக்கும் நாம்தான் 0.125 என்று மொட்டையாக எழுதி வைக்கிறோம்.

அந்த மொட்டை 0.125 என்ன செய்யும் என்று காட்டுகிறேன். ஒரு பிராக்கெட். ஓட்டையின் மையத்திலிருந்து விளிம்பு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு ரிலேஷன்: விளிம்பு = விட்டம்/2 + 0.125. இன்ச் மாடலில் விட்டம் .500 என்றால் விளிம்பு .375. ஓட்டையைச் சுற்றி எட்டில் ஒரு இன்ச் உலோகம் நிற்கும். சரியான டிசைன்.

இப்போது ஃபைலை மி.மீ.-க்கு மாற்றுகிறோம். விட்டம் 12.7 ஆகிறது. ரிலேஷனில் இருக்கும் 0.125-க்கு அலகு இல்லை, அதனால் அது அப்படியே நிற்கிறது. 6.35 + 0.125 = 6.475. வந்திருக்க வேண்டியது 9.525. ஓட்டையைச் சுற்றி இப்போது மிச்சம் இருப்பது 0.125 மி.மீ. உலோகம். ஒரு தாள் கனம்! மாடல் ரீஜெனரேட் ஆகும். சிவப்பு விளக்கு எரியாது. எரர் மெசேஜ் வராது. மென்பொருளைப் பொறுத்தவரை எல்லாம் சுபம்.

"மென்பொருளே பார்த்துக்கும் சார்" என்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையா?

மென்பொருள் பாவம், கேட்கத்தான் செய்கிறது. ப்ரோ-இ காலத்திலிருந்து இன்றைய கிரியோ வரை யூனிட் மாற்றும்போது ரெண்டு வழி காட்டும். ஒன்று, உருவம் அப்படியே இருக்கட்டும், எண் மாறட்டும்: 1 இன்ச் 25.4 மி.மீ. ஆகும். இன்னொன்று, எண் அப்படியே இருக்கட்டும், உருவம் மாறட்டும்: 1 இன்ச் 1 மி.மீ. ஆகிவிடும். உதாரணத்தோடு எழுதியே காட்டுகிறது. நம்ம ஆள் படிக்காமல் ஓகே அடிப்பார். ரெண்டாவது வழிக்கும் நியாயமான உபயோகம் உண்டு. இன்ச் டெம்ப்ளேட்டில் தெரியாமல் திறந்து மி.மீ. அளவுகளை அடித்துக்கொண்டே போனவருக்கு அது உயிர்காப்பு. ஆனால் எதற்கு எது என்று தெரியாமல் அமுக்கினால் பம்ப் ஹவுசிங் மோதிரம் சைஸுக்கு வரும். அது கூடப் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். தெரியாத பிழைதான் ஆளைக் கொல்லும்.

இதே விஷயத்தை இன்வென்டர் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகச் செய்கிறது. பாராமீட்டர் டேபிளில் நீங்கள் மொட்டையாக அடித்தாலும் பக்கத்தில் யூனிட்டைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும். அலகு பொருந்தாத சூத்திரம் என்றால் சிவப்பில் காட்டும். சாலிட்வொர்க்ஸில் மி.மீ. ஃபைலில் உட்கார்ந்துகொண்டே "1இன்" என்று அடித்தால் 25.4 என்று ஏற்றுக்கொள்ளும். கிரியோவில் ரிலேஷனில் எண்ணுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் யூனிட் போடலாம். வசதி எல்லாவற்றிலும் இருக்கிறது. அடிப்பதற்குத்தான் விரல் வலிக்கிறது.

போசரியில் ஒருவர்

இதனால் யார் அடி வாங்குகிறார்கள் என்று பார்த்தபிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. முன்பு நான் இருந்த ஒரு ஆபீஸில் (பெயர் வேண்டாம்) நடந்தது. அலுமினியப் பேனல் ஒன்று. வரிசையாகப் பன்னிரண்டு ஓட்டை, ஒன்றுக்கொன்று 1.375 இன்ச் இடைவெளி. கால் இன்ச் ஸ்க்ரூவுக்கு நெருக்கமான ஓட்டை, .257 இன்ச். எதிர்ப்பக்கம் மாட்டும் பாகம் அமெரிக்காவில் கஸ்டமரே செய்வது.

1.375 இன்ச் என்பது 34.925 மி.மீ. மாடலில் ஒரே ஒரு பாராமீட்டர், அதுதான் பேட்டர்ன் முழுவதையும் ஓட்டுவது. அதில் 34.9 என்று அடித்திருந்தார்கள். விட்டது 0.025 தானே, தலைமுடியில் பாதிகூட இல்லையே என்று தோன்றும். பன்னிரண்டு ஓட்டைக்குப் பதினொரு இடைவெளி. பதினொன்றால் பெருக்குங்கள்: 0.275 மி.மீ. நடுவில் பிடித்து ரெண்டு பக்கமும் பங்கு போட்டாலும் கடைசி ஓட்டை ஒவ்வொன்றும் 0.14 தள்ளி நிற்கும். ஸ்க்ரூவுக்கும் ஓட்டைக்கும் இருக்கும் இடைவெளி ஒரு பக்கத்துக்கு 0.09 தான். ஓரத்து ஸ்க்ரூ இறங்கவே இறங்காது.

கடல் கடந்து போய், அங்கே மாட்டிப் பார்த்து, மொத்த லாட்டும் ரிஜெக்ட். பிரச்சினை வெடித்த பிறகு ஃபைலைத் திறந்து பார்க்கும் வேலை எனக்கு வந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகவில்லை. எழுதியும் கொடுத்தேன். ஆனால் ரிப்போர்ட்டில் கடைசியாக ஏறியது என்ன தெரியுமா? "வெண்டர் குவாலிட்டி".

அந்த வெண்டர் போசரி எம்.ஐ.டி.சி.-யில் ரெண்டு மெஷினும் எட்டு ஆளும் வைத்திருப்பவர். அவர் பேனல்களை நான் போய் அளந்து பார்த்தேன். டிராயிங்கில் இருந்த 34.9-ஐ அச்சுப் பிசகாமல் அடித்திருந்தார். "சாப், நீங்க குடுத்த நம்பரைத்தானே நான் போட்டேன், தப்பா போட்டிருந்தா சரியா வந்திருக்குமோ?" என்று ஹிந்தியில் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மூன்று மாதம் அவருக்குப் பணம் நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்குள் அவரிடமிருந்த ஒரு பையன் சாக்கனில் வேறு வேலை தேடிப் போய்விட்டான்.

ரவுண்ட் பண்ணச் சொன்னவருக்கு அந்த வருஷம் நல்ல ரேட்டிங். என்னத்த சொல்ல.

வழக்கமான வாதங்கள்

"இந்தியா மெட்ரிக் நாடு, நாம ஏன் இன்ச்சைக் கட்டி அழணும்?"

ரொம்ப சரி. 1956-இல் சட்டம் போட்டு, 1958-லிருந்து படிப்படியாகச் சேரையும் வீசையையும் விட்டு வந்தோம். நல்ல காரியம். நானே மெட்ரிக் கட்சிதான். புது டிசைன் என்றால் மி.மீ. தவிர வேறு பேச்சே கிடையாது. ஆனால் இந்திய மண்ணில் உட்கார்ந்து வரைந்ததால் ஓஹையோவில் இருக்கும் எதிர்ப்பாகம் மெட்ரிக்காக மாறிவிடுமா? பாகம் எதோடு மாட்டப்போகிறதோ அதன் அலகுதான் அதன் தாய்மொழி. உங்கள் காரின் டயரைப் பாருங்கள்: 185/65 ஆர்15 என்றால் அகலம் மி.மீ.-ல், ரிம் இன்ச்சில். சைக்கிள் செயினின் பிட்ச் அரை இன்ச், உலகம் முழுக்க. மெட்ரிக் நாடுகள் அதை 12.7 என்று எழுதிக்கொள்கின்றனவே தவிர 12.5 ஆக்கி "நாங்கள் மெட்ரிக்" என்று பெருமை பேசவில்லை. செயின் கழன்று விழும் என்று தெரியும்.

"நம்ம ஷாப்பில் எல்லாம் மி.மீ. மெஷின்."

சி.என்.சி. மெஷினில் ஜி20 என்றால் இன்ச், ஜி21 என்றால் மி.மீ. (ஜி20 என்றதும் மாநாட்டை நினைக்காதீர்கள் :-)). டிஜிட்டல் வெர்னியரில் ஒரு பட்டன். மெஷினுக்கும் வெர்னியருக்கும் ரெண்டு மொழியும் தெரியும். நமக்குத்தான் தெரியாது போல.

"கஸ்டமர்தான் மெட்ரிக் டிராயிங் கேட்கிறார்."

அப்படியானால் அது ரீடிசைன். அதற்கு நேரமும் காசும் தனி. ஏனென்றால் மாற்ற வேண்டியது எண்களை மட்டும் இல்லை. 16 கேஜ் தகடு என்று போட்டிருக்கும். நம் ஊர் கடையில் அது எஸ்.டபிள்யூ.ஜி., 1.63 மி.மீ. அமெரிக்க ஸ்டீல் கேஜில் 16 என்றால் 1.52. ஒரே பெயர், ரெண்டு கனம். தகட்டை வளைக்கும்போது விரித்த நீளமே மாறிப்போகும். 10-32 ஸ்க்ரூவுக்கு எம்5 போட்டால் என்ன என்பார்கள். 4.83-ம் 5-ம், பிட்ச் 0.794-ம் 0.8-ம். கண்ணால் வித்தியாசம் தெரியாது. எம்5 மரையில் 10-32 லொடலொட என்று இறங்கும், திருப்பிப் போட்டால் சிக்கும். அரை இன்ச் பைப் மரையில் அமெரிக்க என்.பி.டி., நம்ம பி.எஸ்.பி. ரெண்டிலும் இன்ச்சுக்கு 14 மரை. ஆனால் ஒன்றின் கோணம் 60, மற்றதன் கோணம் 55. ஏறும், இறுகும், அப்புறம் கசியும். இதையெல்லாம் ஒவ்வொன்றாக உட்கார்ந்து முடிவெடுப்பதற்குப் பெயர்தான் மெட்ரிக்குக்கு மாற்றுவது. கால்குலேட்டரில் 25.4 அடிப்பதற்குப் பெயர் அதுவல்ல.

டோக்கியோ

யூனிட் என்றாலே எல்லோரும் 1999-இல் நாசா செவ்வாய்க்கு அனுப்பித் தொலைத்த விண்கலத்தைச் சொல்வார்கள். அது விசைக்கணக்கில் பவுண்டும் நியூட்டனும் மோதிக்கொண்டது. எங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது டோக்கியோ டிஸ்னிலேண்டில் நடந்தது. 2003 டிசம்பரில் ஸ்பேஸ் மவுண்டன் ரோலர் கோஸ்டரில் ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒன்றின் அச்சு முறிந்து தடம் புரண்டது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. காரணம் என்ன? 1995-இல் அந்த அச்சின் டிசைனை இன்ச்சிலிருந்து மெட்ரிக்குக்கு மாற்றியிருந்தார்கள். பழைய இன்ச் டிராயிங்கைத் தூக்கிப்போடவில்லை. 2002-இல் உதிரி அச்சு ஆர்டர் செய்தபோது பழையதை எடுத்து அனுப்பிவிட்டார்கள். 45 மி.மீ. இருக்க வேண்டிய அச்சு கொஞ்சம் மெலிந்து வந்தது. பேரிங்கில் இடைவெளி கூடி, ஆடி ஆடி, முறிந்தது.

கவனியுங்கள், அங்கே யாரும் தப்பாகப் பெருக்கவில்லை. ஒரே பாகத்துக்கு ரெண்டு உண்மை இருந்தது, அவ்வளவுதான். நம் சர்வரில் ஒரே பார்ட் நம்பருக்கு எத்தனை உண்மை இருக்கிறது என்று இன்று ஒருமுறை தேடிப் பாருங்கள். ராத்திரி தூக்கம் வராது.

சரி, என்னதான் செய்யணும்?

திட்டிவிட்டு மட்டும் போவது நியாயமில்லை. என் கட்சியின் கொள்கைகள் இவை:

1. இன்ச்சில் பிறந்த பாகம் இன்ச்சிலேயே இருக்கட்டும். மாடலைத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது எதோடு மாட்டப்போகுது?"

2. ஆபீஸில் ரெண்டு டெம்ப்ளேட், பெயரிலேயே யூனிட். என்.எக்ஸ்-ல் ஃபைல் பிறக்கும்போதே இன்ச்சா மெட்ரிக்கா என்று முடிவாகிவிடும். மற்றதிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

3. ரிலேஷனில், ஈக்வேஷனில் மொட்டை எண் கூடாது. கண்டால் செக்கர் திருப்பி அனுப்பணும்.

4. வெண்டருக்கு மி.மீ. வேண்டுமா? தாராளமாக டூயல் டைமென்ஷன் கொடுங்கள். ஆனால் அந்த மி.மீ. மாடலிலிருந்து தானாக வரணும், மூணு இலக்கத்தோடு. கையால் அடித்தது கூடாது. டாலரன்ஸை ரவுண்ட் பண்ணியே ஆகணும் என்றால் உள்பக்கமாக: ±0.127 என்பது ±0.12 ஆகலாம், ±0.13 ஆகக்கூடாது.

5. வெளியிலிருந்து வரும் ஃபைலை நம்பாதீர்கள். ஸ்டெப், ஐஜெஸ் ஃபைல்களுக்குள் யூனிட் எழுதியிருக்கும். எஸ்.டி.எல்.-க்குள் கிடையாது, வெறும் எண்கள்தான். டி.எக்ஸ்.எஃப்.-இல் பல நேரம் காலியாக இருக்கும். இம்போர்ட் செய்ததும் தெரிந்த ஓட்டை ஒன்றை அளந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

6. மரை, கேஜ், பைப் சைஸ் இவையெல்லாம் அளவுகள் அல்ல, பெயர்கள். பெயரை மொழிபெயர்க்கக் கூடாது. குப்புசாமி அமெரிக்கா போனாலும் குப்புசாமிதான்.

7. நிஜமாகவே மெட்ரிக்குக்கு மாற்றினால் புது பார்ட் நம்பர். பழையதை அன்றைக்கே முடக்கணும்.

இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. காசும் செலவில்லை. ஒரு மாடலுக்குக் கூடுதலாகப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தை ஏசி ரூமில் நாம் மிச்சம் பிடிக்கிறோம். அதன் விலையை மூணு மாசப் பணமாகக் கட்டுவது போசரியில் எட்டுப் பேருக்குச் சம்பளம் போட வேண்டியவர். இன்னொரு தரம் யாராவது "ரவுண்ட் பண்ணிடு, ஒண்ணும் ஆகாது" என்றால், யாருக்கு ஒண்ணும் ஆகாது என்று கேளுங்கள்.